ஓடிக்கொண்டே நின்ற புல்லி

1. திருப்பி அடித்த ஹேண்டில்

டாக்டரம்மாவின் காரை ஸ்டார்ட் செய்யக் குனிந்த டிரைவர் ஏழுமலை, அடுத்த நொடி கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தான். ஸ்டார்ட்டிங் ஹேண்டில் திருப்பி அடித்துவிட்டது. என் பட்டறை வாசலில், என் கண் முன்னால், "டைமிங் பக்காவா வச்சிருக்கேன், எடு" என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள்.

இப்போது வண்டிகளில் ஹேண்டில் கிடையாது. அதனால் இளைய மெக்கானிக்குகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி பலமில்லாத அந்தக் காலத்தில் ரேடியேட்டருக்குக் கீழே ஒரு இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையால் எஞ்சினைச் சுற்றுவோம். பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் நேரத்தில் பிளக்கில் ஸ்பார்க் வர வேண்டும், இதுதான் டைமிங். சீக்கிரமே வந்துவிட்டால் பிஸ்டன் பாதி வழியிலேயே கீழே தள்ளப்பட்டு, எஞ்சின் மொத்த பலத்தோடு பின்பக்கமாகச் சுழலும். ஹேண்டிலைப் பிடித்திருப்பவன் மணிக்கட்டு போய்விடும். ஏழுமலை கட்டைவிரலை மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிக்கத் தெரிந்தவன். அதனால் வீக்கத்தோடு தப்பித்தான்.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, காஞ்சிபுரத்தில் தகரக் கூரை போட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தேன். வேலையும் தெரியும், கர்வமும் உண்டு, வாயும் நீளம்.

டாக்டரம்மா திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊருக்குள் கிளினிக். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் கிளினிக்கை மூடிவிட்டு, பிரசவம் பார்க்கச் சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் போவார். அவரிடம் இருந்தது இங்கிலாந்தில் செய்த நாலு சிலிண்டர் கார், சாம்பல் நிறம். அவர்கள் வீட்டு வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். வண்டி வழியில் நின்று திரும்பத் தாமதமானால் அன்று ராத்திரி முழுப்பட்டினிதான். மூன்று மாதமாக அந்த அம்மாள் அடிக்கடி பட்டினி கிடந்துகொண்டிருந்தார்.

வண்டியின் கோளாறு இதுதான். சும்மா நிறுத்தி ஐடிலிங்கில் விட்டால், ஆக்ஸிலரேட்டரை யாரும் தொடாமலேயே சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், சில நேரம் அப்படியே அணைந்துபோகும். மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்கியது மாதிரி நாக்கிங். ஹேண்டில் ஒருநாள் பூனை, ஒருநாள் புலி.

இரண்டு முறை என்னிடம் வந்துபோன வண்டி. ஸ்பார்க்கைத் தட்டிவிடும் பாயிண்டைப் புதிதாகப் போட்டேன். கண்டென்சர் மாற்றினேன். பிளக்கெல்லாம் மாற்றினேன். ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன், இல்லை. கடைசியில், பாயிண்டுக்குக் குறுக்கே பன்னிரண்டு வோல்ட் பல்பை மாட்டி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, எஞ்சின் முன்னால் பெல்ட்டை ஓட்டும் சக்கரமான புல்லியில் உள்ள மார்க், பக்கத்தில் பொருத்திய முள்ளுக்கு நேராக வரும்போது பல்பு எரிகிறதா என்று பார்ப்பேன். மிகச் சரியாக எரியும். வண்டியை அனுப்புவேன். பத்தே நாளில் கோளாறு திரும்பி வரும். அந்த வியாழக்கிழமை மூன்றாம் முறை.

2. ஜுரம்

டாக்டரம்மா பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து ஏழுமலையின் மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "எலும்புக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"தேவராஜ், போன வாரம் செவிலிமேடுகிட்ட வண்டி நின்னுடுச்சு. உள்ளே ஒரு பொண்ணு, ஒன்பது மாசம். மாட்டு வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்லவேளை, ஒண்ணும் ஆகலை. இனிமே நல்லவேளையை நம்பி நான் யாரையும் இதுல ஏத்த முடியாது."

"டைமிங் கரெக்டா இருக்குதும்மா. பல்பு வச்சு நீங்களே பாருங்க."

"எஞ்சினை நிறுத்தி வச்சுத்தானே பாக்கறீங்க?"

"ஆமாம்மா. கையால சுத்தித்தான் பாக்கணும்."

"ஓடும்போதுதானே அதுக்கு வியாதி? செத்த உடம்பை வச்சுக்கிட்டு நான் ஜுரம் பாக்கறதில்லைப்பா."

எனக்குச் சுருக்கென்றது. நிமிடத்துக்கு எண்ணூறு தடவை சுற்றும் புல்லியில் ஒரு சின்னக் கோடு எங்கே இருக்கிறது என்று எந்தக் கண்ணால் பார்ப்பது?

அவரே மேலே சொன்னார். "இந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுல போறேன். பஸ் போகாத ஊருக்குப் போகலை. செவ்வாய்க்கிழமை காலைல வருவேன். அன்னைக்கும் உங்களால 'நம்பிப் போங்க'ன்னு சொல்ல முடியலைன்னா வண்டியை வித்துடறேன். கிராமத்துக்குப் போறதையும் நிறுத்திடறேன்."

ஏழுமலை நிலத்தைப் பார்த்தபடி நின்றிருந்தான். வண்டி போனால் அவன் வேலையும் போகும். அதுதான் அவன் கவலை என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவர் போனபின் மெட்ராஸ் ஒர்க்ஷாப் ஞாபகம் வந்தது. அங்கே ஃபோர்மேன் அலமாரியில் பூட்டி வைத்து, ஓடும் எஞ்சினில் டைமிங் பார்க்கத் தான் மட்டும் எடுத்துப் பயன்படுத்தும் டைமிங் லைட் ஒன்று இருந்தது. நாங்கள் அதைத் தொட்டதில்லை, எரியவிட்டுப் பார்த்ததும் இல்லை. உள்ளே இருப்பது நியான் பல்பு, முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டுவார்கள், இவ்வளவுதான் கேள்விப்பட்டது. நியான் பல்பு எலெக்ட்ரீஷியன்களின் டெஸ்டருக்குள்ளும் இருக்கிறதே என்று தோன்றியது. மூன்று டெஸ்டர்களை உடைத்துப் பல்புகளை எடுத்து வரிசையாக ஈயத்தால் பற்றவைத்து, பழைய டார்ச் லைட் கூட்டுக்குள் வைத்தேன். இரண்டு வயர் இழுத்து, ஒன்றை முதல் சிலிண்டர் பிளக்கிலும் ஒன்றை அதன் வயரிலும் மாட்டினேன். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் ஒருதரம் மினுக்கென்று ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. ஆனால் அந்த வெளிச்சம் காஞ்சிபுரத்து வெயிலில் யார் கண்ணுக்குத் தெரியும்? போர்வை போர்த்திப் பார்த்தேன். போர்வை எஞ்சின் ஃபேனில் சிக்கிக் கிழிந்ததுதான் மிச்சம்.

3. அமாவாசை

ராத்திரியில் எஞ்சினை உறுமவிட்டால் தெருவே எழுந்து வந்துவிடும். எனக்கு வேண்டியது பகலிலும் இருட்டான, கார் மூஞ்சி நுழையும்படியான ஓர் இடம். பட்டறைக்கு அடுத்த கட்டடம் சுப்பையாவின் சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் தெலுங்குக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வருடக்கணக்கில் அடுப்புப் புகை படிந்து சுவரும் கூரையும் கரிச்சட்டி மாதிரி இருக்கும். ஆனால் சாதாரண நாளில் உள்ளே அடுப்பு எரியும், கொப்பரை கொதிக்கும். பெட்ரோல் வண்டியை அங்கே கொண்டுபோனால் இரண்டு பட்டறையும் சேர்ந்து போகும். திங்கட்கிழமை அமாவாசை. அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது, சாய அடுப்பும் எரியாது.

சுப்பையாவிடம் கேட்டேன். முதலில் சண்டைக்கே வந்தார்.

"இன்னா தேவராசு, பெட்ரோல் பொகைய எம் பட்டறைல வுட்டினா நாளைக்கு அரக்கு போட்டா அழுக்குதான் வரும். பட்டு மூக்கு உள்ளது பா, எல்லாத்தையும் இழுத்துக்கும்."

"வண்டியோட வாலு வெளியதான் இருக்கும் அண்ணே. மூஞ்சி மட்டும் உள்ள. பொகையெல்லாம் ரோட்டுக்குப் போயிடும்."

"யாரு வண்டி?"

"டாக்டரம்மா வண்டி."

"அத மொதல்ல சொல்லக் கூடாதா?" என்று கதவைத் திறந்துவிட்டார். அவர் இரண்டாவது மகள் பிறந்தது அந்த அம்மாளின் கையில்.

நடுப்பகல். ஏழுமலையும் நானும் வண்டியைத் தள்ளி, பாதி உடம்பை உள்ளே விட்டோம். வாசலில் மிச்சமிருந்த இடைவெளியையெல்லாம் சாக்கு கட்டி மூடினோம். புல்லியில் இருந்த மார்க் மீது வெள்ளை வைக்கப் பெயிண்ட் இல்லை. சுப்பையா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு விரல் சுண்ணாம்பு தந்தார். இழுத்து ஒரு கோடு போட்டேன். முள்ளின் நுனியிலும் ஒரு பொட்டு.

ஹேண்டிலோடு வந்த ஏழுமலையைத் தடுத்து, வெளியே நின்ற நாலு நெசவாளிகளை அழைத்து, வண்டியை வெளியே இழுத்துத் தெருவில் தள்ளவைத்து, கியர் போட்டு எஞ்சினை எடுத்தேன். பிறகு பழையபடி மூஞ்சியை உள்ளே விட்டுச் சாக்கைக் கட்டினோம். தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. எஞ்சினின் மூச்சு ஏறி இறங்குவது அந்த நிசப்தத்தில் நன்றாகக் கேட்டது. நான் மண்டியிட்டு டார்ச் கூட்டைப் புல்லியின் அருகே பிடித்தேன்.

புல்லி நின்றுவிட்டது.

நான் எழுதுவதை நம்புவது கஷ்டம்தான். எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கிறது, தரை அதிர்கிறது, பெல்ட் காற்று என் முகத்தில் அடிக்கிறது. கண்ணெதிரே, ஆரஞ்சு வெளிச்சத்தில், புல்லி அசையாமல் நிற்கிறது. சுண்ணாம்புக் கோடு, அதில் என் விரல் ரேகை பதிந்த தடம்கூடத் தெரிகிறது. முதல் சிலிண்டரில் ஸ்பார்க் வரும் அந்தக் கணத்தில் மட்டும் விளக்கு எரிகிறது, அந்தக் கணத்தில் புல்லி எங்கே இருக்கிறதோ அதை மட்டும் கண் பார்க்கிறது, மற்ற நேரமெல்லாம் இருட்டு. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பத்து வருடமாக என் கை தினமும் தொட்டுக்கொண்டிருந்த ஒன்றை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறேன்.

"ராமா, ராமா" என்று பின்னால் சுப்பையாவின் குரல். "நின்னுக்கினு கீதே பா!"

சாயம் ஏறிச் சிவந்த ஒரு விரல் என் தோளுக்கு மேலாக நீண்டு, அந்தச் சுண்ணாம்புக் கோட்டைத் தொடப்போனது. நான் டார்ச் கூட்டாலேயே அந்தக் கையை ஓங்கி அடித்தேன். அடிக்காவிட்டால் அந்த விரல் பெல்ட்டோடு போயிருக்கும். அவர் கையை உதறிக்கொண்டே நின்றார். கோபமே வரவில்லை. "ஓடிக்கினேதான் கீதா?" என்று குழந்தை மாதிரி கேட்டார்.

மறுபடி பிடித்தேன். இப்போதுதான் நோய் தெரிந்தது. கோடு முள்ளுக்கு நேராக நிற்கவில்லை. மெல்ல மேலே நகர்ந்தது. அது நகர நகர எஞ்சின் சத்தம் ஏறியது. கொஞ்சம் போய்த் தயங்கி, சட்டென்று கீழே விழுந்தது, சத்தமும் விழுந்தது. ஆக்ஸிலரேட்டரில் யார் காலும் இல்லை. மூன்று மாதமாகக் காதால் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பார்க் நேரத்தை மாற்றும் இன்னொரு வழியான வேக்குவம் பைப்பைக் கழற்றி அடைத்துப் பார்த்தேன். அப்போதும் கோடு நடந்தது. ஆக, குற்றம் டிஸ்ட்ரிபியூட்டரின் அடித்தட்டுக்குக் கீழே.

4. அடித்தட்டுக்குக் கீழே

வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினேன். எஞ்சின் வேகமெடுக்கும்போது ஸ்பார்க் கொஞ்சம் முன்கூட்டியே வர வேண்டும். அதற்காக அடித்தட்டுக்குக் கீழே இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள் இருக்கின்றன. வேகத்தில் அவை வெளியே விரிந்து ஸ்பார்க்கை முன்னே தள்ளும். வேகம் குறைந்ததும் இரண்டு ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்னமே, அந்தத் துண்டுகளோடு சேர்ந்து திரும்பும் ரோட்டரை மேலிருந்து திருகிவிட்டுப் பார்த்திருந்தேன். திரும்பி வந்தது, கொஞ்சம் சோம்பலாக. பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டேன். தட்டைக் கழற்ற வேண்டுமானால் குட்டிக் குட்டி ஸ்குரூக்களோடு மல்லுக்கட்ட வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்தச் சோம்பல் ரோட்டருக்கு இல்லை, எனக்கு.

தட்டைத் தூக்கினேன். ஒரு ஸ்பிரிங் கருத்து, தடியாக, கம்பெனி ஸ்பிரிங்காக இருந்தது. இன்னொன்று மெல்லிசு, நீளமாக இழுக்கப்பட்டு, இரண்டு முனையும் கொக்கியாக வளைக்கப்பட்டிருந்தது. இதற்குத் துண்டை இழுத்துப் பிடிக்கத் தெம்பு இல்லை. ஐடிலிங்கிலேயே துண்டு விரிந்துவிடுகிறது, எஞ்சின் நின்றபின்னும் சில நேரம் முழுதாகத் திரும்புவதில்லை. அது எந்த நிலையில் நின்றதோ அந்த நிலைக்கு நான் மூன்று முறையும் மிகச் சரியாக டைமிங் வைத்துக் கொடுத்திருக்கிறேன்!

சுப்பையா குனிந்து பார்த்தார். "இது ஜக்கார்டு பொட்டில இருக்கற ஸ்பிரிங்கு பா. தறி மேல பொட்டி இருக்குதே, அதுல ஒவ்வொரு ஊசிக்குப் பின்னாலயும் ஒண்ணு இருக்கும்."

ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான் மாட்னேன், மேஸ்திரி" என்றான்.

மூன்று மாதத்துக்கு முன்னால், முசரவாக்கத்தில் ஒரு நெசவாளி வீடு. டாக்டரம்மா உள்ளே பிரசவம் பார்க்கிறார். வெளியே வண்டியைத் திருப்பி நிறுத்திய ஏழுமலைக்கு எஞ்சின் கத்துவது சரியாகப் படவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித் தலைகீழாகத் தட்டியிருக்கிறான், அறுந்த ஸ்பிரிங் துண்டு கையில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து டாக்டரம்மா, "ரத்தம் நிக்கலை, உடனே ஆஸ்பத்திரி போகணும், வண்டியை எடு" என்று குரல் கொடுத்திருக்கிறார்.

"அந்தப் பொண்ணோட ஊட்டுக்காரரு ஓடியாந்தாரு. ஸ்பிரிங்கு அறுந்துபோச்சு, இத்தினியூண்டு ஸ்பிரிங்கு வோணும்னேன். ஒரு வார்த்த பேசல மேஸ்திரி. தறிமேல ஏறி, பொட்டியத் தொறந்து, புடுங்கிக் குடுத்துட்டாரு. நான் பல்லால இழுத்து, கொக்கி வளச்சி மாட்னேன். வண்டி போயிடுச்சு. ஆயாவும் புள்ளையும் பொழச்சிக்கிச்சு."

'ஆயா' என்று அவன் சொன்னது அந்தப் பெண்ணை. பதற்றத்தில் வார்த்தை தடுமாறியது. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

நான் அந்த ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவு வாசலில் நிற்கும்போது பல்லால் வளைத்து மாட்டியது. மூன்று மாதம், நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்று, அறுகவில்லை. மெட்ராஸில் ஆறு வருடம் கற்ற நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் ஸ்பேர் இல்லை என்று கையை விரித்திருப்பேன். பிரமிப்பு ஒருபக்கம், பொறாமை ஒருபக்கம்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லாதீங்க மேஸ்திரி. அந்த அம்மா பட்டினி கெடந்ததெல்லாம் என்னாலதான்" என்றான்.

அன்றே பஸ் பிடித்து மெட்ராஸ் போய்ச் சரியான ஸ்பிரிங் ஜோடியை வாங்கி வந்து மாட்டினேன்.

5. செவ்வாய்க்கிழமை

விடிந்ததும் மறுபடி சாயப்பட்டறைக்குள் விட்டு விளக்கைப் பிடித்தேன். சுப்பையா அடுப்பைப் பற்றவைக்காமல் காத்திருந்தார், இந்த முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. சுண்ணாம்புக் கோடு முள்ளுக்கு நேராக வந்து நின்றது, நின்ற இடத்திலேயே நின்றது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் நிதானமாக மேலே ஏறியது. விட்டால் நிதானமாக இறங்கி அதே இடத்தில் வந்து சேர்ந்தது. அவ்வளவு ஒழுங்கை அதுவரை நான் எதிலும் பார்த்ததில்லை.

டாக்டரம்மா எட்டு மணிக்கு வந்தார். "என்ன கோளாறு?"

'ஸ்பிரிங் தேஞ்சிருந்துச்சும்மா' என்று சொல்லி முடித்துவிட நினைத்திருந்தேன். ஏழுமலை முந்திக்கொண்டான். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னான்.

"அரை மணி போயிருந்தா அந்தப் பொண்ணு இல்லை" என்றார் டாக்டரம்மா கடைசியில். "அன்னைக்கு வண்டில ஒண்ணு அறுந்ததே எனக்குத் தெரியாது." பிறகு கேட்டார்: "சரி, மறுநாளே மேஸ்திரிகிட்ட சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலைதானே? ஏன் சொல்லலை?"

ஏழுமலை வாயைத் திறக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அவன் காப்பாற்றப் பார்த்தது என்னை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதுதான் ஞாபகம் வந்தது: மறுநாளே வந்திருக்கிறான். அன்று பானெட்டைத் திறந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் கிளிப்பில் புதுக் கீறலைப் பார்த்துவிட்டு, நாலு பேர் எதிரில் நான் கத்தியிருக்கிறேன். "எவன்டா இதுல கை வச்சது? டிரைவருக்கு ஸ்டியரிங்கோட வேலை முடிஞ்சுது. தொட்டவன் கைய ஒடிச்சுப் போட்டுருவேன்!" அவன், "நான் தொடவே இல்ல மேஸ்திரி" என்றான். நானும் நம்பினேன். இப்படிக் கத்துவது எனக்கு அன்றாட வேலை என்பதால் அதை அன்றோடு மறந்தும்போனேன்.

இதை டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். அதுவரை என் தொழிலில் அத்தனை கஷ்டமான வாக்கியம் எதையும் நான் பேசியதில்லை.

"என் பேஷண்டுங்களும் நாட்டு மருந்து சாப்பிட்டதை மறைப்பாங்க. திட்டுவேன்னு பயம்" என்றார் அவர். "இப்பல்லாம் நான் திட்டறதில்லை. ம், கிளம்பலாமா? நம்பிப் போகலாமா?"

"நம்பிப் போங்கம்மா."

ஏழுமலை வீங்கிய கையோடு ஹேண்டிலை எடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். கட்டைவிரலைச் சேர்த்துப் பிடித்து ஒரு பாதிச் சுற்று. எஞ்சின் எடுத்துக்கொண்டது. பட்டறை மண்ணில் நின்றபடி, ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக அந்தச் சத்தம் தூரத்தில் கரையும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நாற்பது வருடம் பட்டறை நடத்தினேன். எந்த வண்டி வந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் டிரைவருக்கு ஒரு டீ சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து, "வழியில என்னா பண்ணி ஓட்டிக்கினு வந்தே?" என்று கேட்பேன். பெட்ரோல் டேங்க் ஓட்டையைச் சோப்பால் அடைத்தவன், ஃபேன் பெல்ட்டுக்குப் பதில் வேட்டியைக் கிழித்துத் திரித்துக் கட்டியவன் என்று எத்தனையோ பேர் கூச்சத்தோடு சொல்வார்கள். வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். பாதி ரிப்பேர் அந்த டீயிலேயே முடிந்துவிடும்.

இளைய மெக்கானிக்குகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். டைமிங் லைட் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மூன்று மாதத்தில், வண்டி வழியில் நின்று எங்காவது ஒரு தாய் செத்திருந்தால் ஊரே கார்மேல் குற்றம் சொல்லியிருக்கும், ஏழுமலை தன்மேல் சொல்லியிருப்பான். நான் கத்தியது யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது, எனக்கும்கூட. அதனால் லைட்டை எடுப்பதற்கு முன்னால் டிரைவருக்கு ஒரு டீ சொல்லுங்கள்.